மாச்சாக்குப் பாட்டு

சனிக்கிழமை பின்னேரம் நாலு பத்துக்கு உஷா அந்தப் பாட்டைப் போட்டாள்.

அதற்கு முன் கதையைச் சொன்னாள். அதுதான் நிகழ்ச்சியின் முறை. ஆக்லாந்தின் சமூக வானொலியில் தமிழுக்கு ஒரு மணித்தியாலம். அதில் கால் மணித்தியாலம் அவளுடையது. அமெரிக்காவின் பழைய கன்ட்ரி பாட்டுகளை எடுத்து, ஒவ்வொன்றின் கதையையும் தமிழில் சொல்லிவிட்டுப் போடுவாள். இலங்கை வானொலியில் படத்தின் காட்சியைச் சொல்லிவிட்டுப் பாட்டைப் போடுவார்கள். கேட்பவர்களுக்கு அது பழகியிருந்தது. கதை இல்லாத பாட்டை அவர்கள் நம்பவில்லை.

இசைத்தட்டுகள் மிஸஸ் ஹார்டிங்குடையவை. ஹில்ஸ்பரோவில் உஷா வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் அவர் இருந்தார். அர்த்தம் கேட்டால் சொல்வார். ஒரே பாட்டுக்கு இரண்டு நாளில் இரண்டு அர்த்தம் சொல்வார்.

அன்றைய கதை இது. கென்டக்கியில் ஒரு நிலக்கரிச் சுரங்கம். வேலைநிறுத்தம். கம்பனியின் ஆட்கள் தொழிலாளிகளைத் தேவாலய வெளியில் வரிசையாக நிறுத்துகிறார்கள். ஒருவனைக் கொண்டுவருகிறார்கள். அவன் தலையில் மாச்சாக்கு, கோதுமை மா வந்த சாக்கு. கண்ணுக்கு இரண்டு ஓட்டை. தொழிலாளிகள் ஒவ்வொருவராக அவன் முன்னால் வருகிறார்கள். அவன் தலையாட்டினால் அந்த ஆளைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். பிடிபட்டவர்கள் திரும்பவில்லை. பாட்டைப் பாடுகிறவள் ஒரு தொழிலாளியின் மனைவி. அன்று காலை அவள் குசினியில் ஒரு மாச்சாக்கைக் காணவில்லை. இரவு புருஷன் வீட்டுக்கு வருகிறான். தலைமயிரில் மா. அவள் தண்ணீர் சுடவைத்து அவன் தலையைக் கழுவிவிடுகிறாள். பாட்டு அங்கே முடிகிறது.

“சாக்குக்குள்ளால அவன் ஒவ்வொருவரையும் கண்ணுக்குள் பார்த்தான்,” என்று உஷா ஒலிவாங்கியில் சொன்னாள். “பார்த்துவிட்டுத் தலையாட்டினான்.”

ஊரில், யாழ்ப்பாணத்தில், அப்படிப்பட்ட ஆளுக்குத் தலையாட்டி என்று பெயர். அந்தச் சொல்லை அவள் சொல்லவில்லை. அப்படி ஒருவன் தலையாட்டியதால் பிடிபட்டுத் திரும்பாமல் போன தன் அண்ணன் வசீகரனின் பெயரையும் சொல்லவில்லை.

பாட்டு முடிந்ததும் நேயர்களின் அழைப்பு. வழக்கமாக யாழ்ப்பாணத்து ஆட்கள்தான் முதலில் எடுப்பார்கள். அம்மா, அப்பா, மாமா, மாமி, கனடாவில் சித்தி என்று பெயர்களை வரிசையாகச் சொல்லி, எல்லோருக்காகவும் இந்தப் பாட்டு என்பார்கள். அன்று தொலைபேசி அடிக்கவில்லை. பிறகு ஒரே ஒரு அழைப்பு வந்தது. த்ரீ கிங்ஸ் பகுதியிலிருந்து அம்புஜம். மகனோடு இருக்கத் திருச்சியிலிருந்து வந்தவர்.

“ஏம்மா, இது எந்தப் படம்?”

“படம் இல்லை அம்மா. பாட்டு மட்டும்தான்.”

“படம் இல்லாமலா இவ்வளவு கதை? போன வாரப் பாட்டுக்கும் படம் இல்லைன்னுதான் சொன்ன. சரி, அந்தப் பொண்டாட்டிக்குத் தெரியுமா, தெரியாதா?”

“பாட்டில சொல்லேல்ல.”

“தலையில மாவோட வந்து நிக்கிறான். கேக்க வேண்டாமா? எங்க வீட்டுக்காரர் சட்டையில மல்லிப்பூ வாசம் வந்தாலே நான் மூணு நாள் பேசமாட்டேன். நீ படிச்ச பொண்ணு, நீயே சொல்லு. தெரியுமா, தெரியாதா?”

கண்ணாடிக்கு அப்பால் விநாயகமூர்த்தி கையைக் காட்டினார். அடுத்தது மரண அறிவித்தல்.

“வாற சனிக்கிழமை சொல்லுறன் அம்மா.”

“மறக்காத. நான் தூங்கமாட்டேன்.”

விநாயகமூர்த்தி நிகழ்ச்சியின் பொறுப்பாளர். ஊரில் கணக்கு வாத்தியார். எல்லோருக்கும் மாஸ்டர். அவளை நடைவழியில் மறித்தார்.

“பிள்ளை, இந்தப் பாட்டை உமக்கு ஆர் தந்தது?”

“வேலையிடத்தில ஒரு மனுசி, மாஸ்டர்.”

“வெள்ளைக்காரியோ?”

“ஓம்.”

“அவவுக்கு ஆர் குடுத்தது?”

“அவவின்ர புருசன் வாங்கினதாம். செத்துப்போனார்.”

அவர் அதை நம்புவதா என்று யோசித்தார்.

“ஒரு கோல் வந்ததோ? எங்கட சனத்திட்ட இருந்து ஒண்டு? வராது. ஒவ்வொரு வீட்டிலயும் ஆரையோ நினைச்சுக்கொண்டு இருக்கினம். திங்கக்கிழமை என்னட்டைக் கேப்பினம், உஷா ஆரைச் சொன்னவ எண்டு. நான் என்ன சொல்ல?”

“கென்டக்கிக்காரனை எண்டு சொல்லுங்கோ.”

“பகிடி விடாதையும்.” குரலைத் தாழ்த்தினார். “உம்மட அண்ணாவின்ர விசயம் எனக்குத் தெரியும். கவலைதான். ஆனா இஞ்ச இருக்கிற சனத்தில ஆர் அந்த நேரம் எங்க நிண்டது எண்டு உமக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரியாமல் இருக்கிறபடியாலதான் எல்லாரும் ஒரு மண்டபத்தில பொங்கிச் சாப்பிடுறம்.”

“அம்புஜம் அம்மாவுக்குப் பதில் சொல்லுறன் எண்டிட்டன்.”

“வேற பாட்டுப் போடும். குதிரைப் பாட்டு ஒண்டு போட்டனீர், நல்லா இருந்தது.”

வெளியே மழை. அவள் புருஷன் தியாகலிங்கம் காரில் இருந்தார். ஒவ்வொரு சனிக்கிழமையும் அவளைக் கொண்டுவந்து விட்டு, காரிலேயே இருந்து நிகழ்ச்சியைக் கேட்பார். அவள் ஏறியதும் ஏதாவது சொல்வார். குரல் நல்லாயிருந்தது, இடையில் இருமினீர், அந்த மனுசி கூடக் கதைக்கிறா. அன்று ஒன்றும் சொல்லவில்லை. காரின் ரேடியோவில் குதிரைப் பந்தயம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் குதிரைப் பந்தயம் கேட்பதில்லை.

மவுன்ட் ஆல்பர்ட் வீதியில் சிவப்பு விளக்கு.

“நீர் சொன்னதில ஒரு பிழை இருக்கு,” என்றார்.

“என்ன பிழை?”

“ஒவ்வொருத்தரையும் கண்ணுக்குள்ள பாத்து எண்டு சொன்னீர். அது ஏலாது.”

“ஏன் ஏலாது?”

“ஒருக்காத் தலையாட்டினா சாக்கு இறங்கிப்போம். ஓட்டை கன்னத்துக்கு வந்திடும். கையையும் பின்னால கட்டியிருப்பாங்கள், இழுத்து விடவும் ஏலாது. பிறகு ஒண்டும் தெரியாது.”

வைப்பர் கண்ணாடியைத் துடைத்தது. பாட்டில் கை கட்டியிருந்ததாக இல்லை. அவளும் சொல்லவில்லை.

“ஆர் உங்களுக்குச் சொன்னது?”

“ஆரும் சொல்லத் தேவையில்லை. யோசிச்சாத் தெரியும்.”

விளக்கு பச்சையானது. அவர் காரை எடுக்கவில்லை. பின்னால் ஹார்ன் அடித்தார்கள்.

எண்பத்தெட்டு ஐப்பசியில், இயக்கக்காரரைத் தேடி இந்திய ஆமியின் சுற்றிவளைப்பு. உஷாவின் ஊரையும் பக்கத்து ஊரையும் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டார்கள். ஆண்கள் விளையாட்டு மைதானத்தில். பெண்கள் வகுப்பறைகளில். அவள் இருந்த வகுப்பறையின் யன்னலில் வாசல் கேற் மட்டும் தெரிந்தது. மைதானம் தெரியவில்லை. மத்தியானம் ஆமியின் ஜீப் வெளியே போனது. முன்னால் சாக்குப் போட்ட ஒருவன். பின்னால் வந்த ட்ரக்கில் வசீகரன் அண்ணாவும் வேறு பொடியன்களும். அவ்வளவுதான் அவள் கண்டது.

தியாகலிங்கம் பக்கத்து ஊர். தொண்ணூற்றிரண்டில் சம்பந்தம் பேசி வந்தது. அப்போது அவர் ஆக்லாந்தில். பொருத்தம் பார்த்தார்கள், படம் அனுப்பினார்கள், அவள் விமானம் ஏறினாள். எண்பத்தேழிலேயே கொழும்புக்குப் போய்விட்டதாக அவர் சொல்லியிருந்தார். சுற்றிவளைப்பு நேரம் அவர் ஊரில் இல்லை. அதனால் அவரிடம் அந்த நாளைப் பற்றி அவள் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்க ஒன்றும் இல்லை என்று நினைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வேலைக்குப் போனார். அவள் அரிசி வந்த சீலைப் பை ஒன்றை எடுத்து இரண்டு ஓட்டை வெட்டினாள். குளியலறைக்குள் போய்த் தலையில் போட்டாள். கண்ணாடியில் தன் கண்கள் தெரிந்தன. கைகளைப் பின்னால் கோர்த்துக்கொண்டு ஒருமுறை தலையாட்டினாள்.

கண்ணாடி மறைந்தது. சீலையும் வெளிச்சமும்தான் இருந்தன. தலையை நிமிர்த்திப் பார்த்தாள். ஓட்டைகள் திரும்ப மேலே வரவில்லை. மறுபடி ஆட்டினாள். இன்னும் இறங்கின. விரலால் தடவினாள். ஓட்டையின் விளிம்பு கன்னத்தில் இருந்தது.

ஜீப்பில் போனவனின் சாக்கிலும் அவள் கண்ணைக் காணவில்லை. ஓட்டைகளுக்குப் பின்னால் தோல் இருந்தது. அது இப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

யோசித்தால் தெரியும் என்று அவர் சொன்னார். அவள் எட்டு வருடம் யோசித்திருந்தாள். அவளுக்குத் தெரியவில்லை.

பையை வெட்டித் துண்டாக்கிக் குப்பையில் போட்டாள். பிறகு குப்பையை வெளித் தொட்டிக்குக் கொண்டுபோனாள்.

திங்கட்கிழமை மாஸ்டருக்குத் தொலைபேசி எடுத்தாள். நிகழ்ச்சியைப் பற்றி இரண்டு வார்த்தை கதைத்துவிட்டுக் கேட்டாள்.

“மாஸ்டர், நீங்கள் தலையாட்டியைக் கிட்டக் கண்டனீங்களோ?”

“ஏன் கேக்கிறீர்?”

“பாட்டுக்குத்தான்.”

“அந்தப் பாட்டு வேண்டாம் எண்டெல்லோ சொன்னனான்.”

“கண்டனீங்களோ?”

அந்தப் பக்கம் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

“கண்டனான். என்னையும் கொண்டுபோய் நிப்பாட்டினவங்கள். கண்தான் ஞாபகம். என்னையே பாத்த கண். பிறகு தலையை இப்பிடியும் அப்பிடியும் ஆட்டினான். இல்லை எண்டு. நான் வந்திட்டன்.”

“சாக்கு இறங்கி இருந்ததோ?”

“சாக்கு என்னத்துக்கு இறங்குது? பிள்ளை, உமக்கு இதெல்லாம் ஆர் சொல்லுறது?”

அவள் வேறு இரண்டு பேரிடமும் கேட்டாள். வேலையிடத்தில் உடன் வேலை செய்யும் பிரசாந்தியிடம். கடையில் கண்ட மரகதம் அக்காவிடம். இருவரும் கண்ணைத்தான் சொன்னார்கள். சாக்கு இறங்கியதை யாரும் சொல்லவில்லை. சாக்குக்கு வெளியே நின்றவர்கள் கண்ணைப் பார்த்திருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை மிஸஸ் ஹார்டிங்கின் தலையைக் கழுவும்போது உஷா கேட்டாள். அந்த மனைவிக்குத் தெரியுமா?

“தெரியும்,” என்றார் மிஸஸ் ஹார்டிங். “தெரிந்தபடியால்தான் ஒன்றும் கேட்காமல் கழுவினாள்.”

புதன்கிழமை மறுபடி கேட்டாள்.

“தெரியாது. தெரிந்திருந்தால் தொட்டிருப்பாளா?”

“நேற்றுத் தெரியும் என்றீர்கள்.”

“நேற்று எனக்கு என் புருஷன்மேல் கோபம்.”

வியாழக்கிழமை பின்னேரம் வரதராஜன் சாப்பிட வந்தார். கொழும்பில் தியாகலிங்கத்தோடு ஒரே அறையில் இருந்தவர். இப்போது ஹில்ஸ்பரோவில் வீடு வாங்கியிருந்தார். வரும்போது மீன் கொண்டுவருவார், வந்தபின் அதைக் குறை சொல்வார்.

“தங்கச்சி, புளி காணாது. மீனுக்கும் உமக்கும் ஏதும் கோபமோ?”

“நீங்கள் கொண்டந்த மீன், வரதண்ணை. அதுக்குப் புளிச்சுப்போச்சு.”

“கேட்டியாடா லிங்கம்? ரேடியோவில கதைக்க வெளிக்கிட்ட பிறகு உன்ர மனுசிக்கு வாய் நீண்டு போச்சு. மச்சான், அவவின்ர நிகழ்ச்சியை நான் காசெற்றில அடிச்சு வைக்கிறனான். போன கிழமையான் மட்டும் அடிக்கேல்ல.”

“ஏன்?” என்றாள் உஷா.

“மழை. ரேடியோ இரைஞ்சுது.”

தியாகலிங்கம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

“வரதண்ணை, இவர் கொழும்புக்கு உங்களிட்ட வந்தது எப்ப?”

“மழைகாலம். நனைஞ்ச கோழி மாதிரி வந்து நிண்டவன். மாத்திக் கட்ட ஒரு சாரம் இல்லை, என்ர சாரத்தைத்தான் குடுத்தனான். ஒரு மாதம் வாயே திறக்கேல்ல. லொட்ஜ்காரன் ஊமை எண்டு நினைச்சவன்.” வரதராஜன் சிரித்தார். “எண்பத்தெட்டுக் கார்த்திகை.”

“ஏழு,” என்றார் தியாகலிங்கம்.

“எட்டடா. ஏழில நானே அங்க இல்லை.”

“ஏழு.”

வரதராஜன் அவரைப் பார்த்தார். பிறகு உஷாவைப் பார்த்தார்.

“ஏழாத்தான் இருக்கும்,” என்றார். “எனக்கு இப்ப வருசமெல்லாம் கலங்குது. தங்கச்சி, இன்னும் ஒரு துண்டு போடும். புளி இல்லாட்டிலும் பரவாயில்லை.”

அவர் போகும்போது தியாகலிங்கம் கார்வரைக்கும் கூடப் போனார். உஷா குசினி யன்னலால் பார்த்தாள். இருவரும் காருக்குப் பக்கத்தில் நின்றார்கள். வரதராஜன்தான் கதைத்தார். தியாகலிங்கம் தலையாட்டினார். தலையாட்டுவது இவ்வளவு சிறிய அசைவு என்று அவள் முன்பு கவனித்ததில்லை.

வெள்ளிக்கிழமை அவர் ஒன்றும் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை. படுக்கும்போது வெளிச்சத்தை அவள் அணைத்தாள். அவர் வழக்கம்போல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். அவருடைய பின்தலை அவளுக்கு நாலு வருடமாகத் தெரியும். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

சனிக்கிழமை அவர் வழமைக்கு முன்பாகவே காரை எடுத்து வைத்திருந்தார். அவள் மடியில் இசைத்தட்டோடு ஏறினாள். டொமினியன் வீதிக்குத் திரும்பினார்கள்.

“இண்டைக்கும் அதுவோ?” என்றார்.

“அம்புஜம் அம்மாவுக்குப் பதில் சொல்லவேணும்.”

“மாஸ்டர் வேண்டாம் எண்டவராம்.”

“உங்களுக்கு ஆர் சொன்னது?”

“அவர்தான். கோல் எடுத்தவர்.”

“உங்களுக்கோ? எப்ப?”

“நீர் வேலைக்குப் போன நேரம்.”

“ஏன் உங்களுக்கு எடுத்தவர்?”

“நான் உம்மட புருசன் எண்டபடியாலாக்கும்.”

“அது மட்டும்தானோ?”

 கண்ணாடியைப் பார்த்து அடுத்த தடத்துக்கு மாறினார்.

வானொலி நிலையத்தின் பின்பக்கம் காரை நிறுத்தினார். இயந்திரத்தை அணைக்கவில்லை. மழை விட்டிருந்தது. ஆனாலும் வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது.

“அந்த மனுசிக்கு என்ன சொல்லப்போறீர்?”

“எனக்குத் தெரியேல்ல.”

“அந்தப் பெண்சாதிக்குத் தெரியாது எண்டு சொல்லும். அவளுக்குத் தெரியாது. அதோட முடியும்.”

“மாவைக் கண்டவள்தானே.”

“மா எத்தினையோ விதமாப் படும்.” ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சொன்னார். “அதோட, அந்தச் சாக்குக்காரனைப் பற்றி ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்ல. அவனை எப்பிடிக் கொண்டந்தவங்கள், என்ன செய்தவங்கள், மாட்டன் எண்டிருந்தா அவனை எங்க நிப்பாட்டியிருப்பாங்கள். பாட்டில அது ஒண்டும் இல்லை.”

“பாடுறது பெண்சாதி. அவளுக்கு எப்பிடித் தெரியும்?”

“அதைத்தான் சொல்லுறன்.”

“அவன் சொல்லியிருக்கலாம்.”

“அவள் கேட்டிருக்கவேணும்.”

பின்கதவு திறந்தது. மாஸ்டர் எட்டிப் பார்த்தார். காருக்குள் இருவரையும் கண்டார். கையைக் காட்டாமல் உள்ளே போனார்.

“நான் செய்து பாத்தனான்,” என்றாள் உஷா. “பையை ஓட்டை வெட்டிப்போட்டு. நீங்கள் சொன்னது சரி. ஒருக்கா ஆட்டினா இறங்கிப்போகுது.”

அவர் அவளைப் பார்க்கவில்லை.

“முதல் ஆட்டுறவரைக்கும் ஓட்டை கண்ணில இருக்கும்,” என்றாள். “முகம் தெரியும். ஆரெண்டு தெரிஞ்சுதான் ஆட்டுவான்.”

“ஓம்.”

“பிறகு வாற ஆக்களை அவனுக்குத் தெரியாது. காலடி கேக்கும். ஆட்டச் சொன்னா ஆட்டுவான். ஆரெண்டு தெரியாமல்.”

“ஓம்,” என்றார். “தெரியாமல்தான்.”

அந்த ஓம் வேகமாக வந்தது. அவருடைய கைகள் ஸ்டியரிங்கிலிருந்து இறங்கி மடியில் கிடந்தன.

“நீர் போம். மாஸ்டர் பாத்துக்கொண்டு நிப்பார்.”

அவள் கதவைத் திறந்தாள். குளிர் உள்ளே வந்தது. இறங்கவில்லை.

“அண்ணா முதலாவதா வந்தவரோ, பிறகு வந்தவரோ?”